கல்முனைக் கரையில் வழங்கும் மக்கட் பெயர்கள்

கல்முனைப் பட்டினத்தில் ஒருவருடைய பெயரை அறிதல் எளிது. அவர் இன்னார் என அறிதல் அரிது. ஏ. எல். முகம்மது என்று மேலுறையில் எழுதப்பெற்ற கடிதமொன்று வருமாயின், தபாற்காரர் கடைத்தெருவில் நின்று "எந்த ஏ. எல். முகம்மது?" என்று வினவவேண்டியவராவார். விடை கூறுவோர் முதலிலே தெருவைக் கூறுவர். அது போதாதாயின் தொழிலைக் கூறுவர். அதுவும் போதாதாயிற் பட்டப்பெயரைக் கூறுவர். முதியோர் மட்டும், குரலைச் சற்றே தாழ்த்தி, "இன்ன குடியார்" என்பர். எழுத்திலே வழங்கும் பெயர் ஒன்றும், ஆளைத் தெளியவைக்கும் பெயர் மற்றொன்றுமாக இருவேறு பெயர்கள் ஒரு மனிதனுக்கு வாய்த்தது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவதாம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நிலம், 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்து, அவ்வாண்டிலே பிரிக்கப்பெற்ற அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாகும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிருந்து தெற்கே செல்லுமிடத்துத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருதலைக் காணலாம். இரு சமூகத்தாரையும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று கூறும் வழக்கு இக்கரைக்கே உரியது. அவ்வுவமை பிற துறைகளில் எத்துணைப் பொருந்துமோ, பெயர்த் துறையில் நன்கு பொருந்துவதாயிருந்தது. "இருந்தது" என இறந்தகாலத்தாற் கூறியதன் காரணம் பின்னர் விளங்கும்.

பெயர்களை வகைப்படுத்தும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே உயர்திணைப் பெயர்களைக் கூறுங்கால், நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், பண்புகொள் பெயர் முதலியவற்றை வேறுவேறாக எண்ணினார். எழுத்ததிகாரத்திலே, இயற்பெயரோடு தந்தை என்னும் முறைப்பெயர் புணருமிடத்துச் சாத்தன் தந்தை சாத்தந்தை எனவும், ஆதன் தந்தை ஆந்தை எனவும் நிற்பதற்கு விதி வகுத்தார். பிசிராந்தையார் என்னும் புலவர் பெயரில் நாம் காண்பது ஊர்ப்பெயரும், மகனாற் பெற்ற பெயருமேயாம். அவருடைய சொந்தப் பெயர் அங்கில்லை. அராபியரும் தந்தையை மகன் பெயரால் "அபூ" என முன்வைத்து அழைப்பர். கடலாற் பிரிந்த இரு நாட்டார் ஒரே வழியிற் சென்றமை வியப்பிற்குரியது.

இனி முஸ்லிம்களிடையே பழைய தலைமுறையில் வழங்கிய ஆண்பெயர்களை நோக்குவாம். அகமதுலெவ்வை, ஆதம்பாவா, மீராசாகிபு, உதுமாலெவ்வை, இஸ்மாலெவ்வை, இப்றாலெவ்வை, உதுமாங்கண்டு என்பன போன்றவை அவை. இவற்றின் முற்பகுதி அராபு நாட்டிலிருந்து வந்தது. பிற்பகுதி இம்மண்ணில் வளர்ந்தது. லெவ்வை என்பது லெப்பை என்பதன் கிழக்கிலங்கை வடிவம். மார்க்கக் கல்வியுடையாரைக் குறித்த அச்சொல், ஹஜ் யாத்திரிகர் இறைவனை விளித்துக் கூறும் "லப்பைக்" என்பதினின்று வந்ததென்பர் சிலர். பாவா என்பது பெரியாரைக் குறிப்பது. கண்டு என்பது கன்று என்பதன் பேச்சுவடிவமாய்ப் பிள்ளைமேலுள்ள அருமையினால் வந்ததென்பது எம் கருத்து. பசுக்கண்டு, வாழைக்கண்டு என்று இன்றும் பேசுகின்றோம் அல்லவா?

இப்பெயர்கள் புணர்ந்திருக்கும் முறையைக் கவனித்தல் வேண்டும். உதுமான் என்பது லெவ்வையோடு சேருங்கால் ஈற்று மெய் கெட்டு உதுமாலெவ்வை என்றாயிற்று. கண்டு என்பதோடு சேருங்கால் அம்மெய் ஙகரமாய்த் திரிந்து உதுமாங்கண்டு என்றாயிற்று. இஸ்மாயிலும் இப்றாகீமும் ஈற்றசைகளை இழந்தே லெவ்வையை ஏற்றன. சாத்தந்தைக்கும் ஆந்தைக்கும் விதி கூறிய ஆசிரியர் இன்றிருப்பின் இவற்றுக்கும் ஒரு சூத்திரம் செய்திருப்பார். இலக்கணம் படியாத தாய்மார் தம் நாவினாலே செய்த புணர்ச்சி இது. அவ்வாறே அராபியின் ஹகரம் தமிழ் நாவிற் ககரமாகி, அஹ்மத் அகமதுவாகவும், ஹமீத் கமீதுவாகவும், ரஹ்மான் றகுமானாகவும் வழங்கலாயினர்.

பெண்பெயர்களில் இக்கலப்பு இன்னும் இனிது. பாத்திமா என்பதனோடு உம்மா சேர்ந்து பாத்தும்மா ஆயிற்று. உம்மா என்பது தாயைக் குறிக்கும் அராபுச் சொல்லாகிய "உம்மு" என்பதனோடும், தமிழ் அம்மாவோடும் ஒருங்கே உறவுடையது. பிறந்த குழந்தையைத் தாயென்றழைக்கும் வழக்கம் கண்ணம்மா, செல்லம்மா எனத் தமிழரிடத்தும் உளது. நாச்சி என்னும் ஈறு இருசாரார்க்கும் பொதுவாயிருந்தது. தம்பி என்னும் ஈறும் அத்தகையதே. காரைதீவில் 1892 இல் மயில்வாகனம் என்னும் பெயரோடு பிறந்து, 1924 இற் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆகிய பேரறிஞரின் தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மா. தம்பி என முடியும் பெயருடையார் காரைதீவுக்கு இருமருங்கிலுமுள்ள முஸ்லிம் ஊர்களிலும் இருந்தனர். நிலவுடைமையாலும் வேளாண்மையாலும் செல்வமுற்றாரைக் குறித்த போடி என்னும் பட்டமும் அவ்வாறே இருவருக்கும் பொது. வயல் ஒன்றாயிருந்தமையின் பட்டமும் ஒன்றாயிற்று.

மீரா எனத் தொடங்கும் பெயர்களின் மிகுதிக்குக் காரணம் நாகூரிலே அடங்கிய சாகுல் கமீது ஆண்டகை. மீரான் சாகிபு என்பது அவர்க்குரிய பெயர்களுள் ஒன்று. அவர் பெயரால் அமைந்த கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழ்கின்றது. அப்துல் காதர் ஜீலானி என்னும் பக்தாதுப் பெரியாரின் சிறப்புப் பெயராகிய முஹ்யித்தீன், மார்க்கத்தை உயிர்ப்பித்தவர் எனப் பொருள்பட்டு, இங்கு மொகிதீன் ஆயிற்று. அப்துல் காதர் என்பதற்கு ஆற்றலுடையோனின் அடியான் என்பது பொருள். தாசன், அடியான் என்று நம்மவர் இடும் பெயர்கட்கு இது நேரானது.

அடியான் என்னும் பொருளுடைய பெயர் உலகின் மேற்கெல்லையிலுள்ள அயர்லாந்துத் தீவிலும் உண்டு. அந்நாட்டு மொழியிற் கில்லா என்றால் ஏவலன். பற்றிக் என்னும் பெரியாரின் அடியானுக்கு மகன் என்பதே மக் கில்லா பாட்ரிக் என்னும் குடிப்பெயர். மக் என்பது மகனையும், ஓ என்பது பேரனையும் வழித்தோன்றலையும் குறிக்கும். 919 இல் நோர்ஸ் மக்களோடு பொருது மாண்ட நியல் என்னும் அரசனின் வழியினர் ஓ நீல் என்றும், 1014 இல் மாண்ட பிரையன் போரு என்பானின் வழியினர் ஓ பிரையன் என்றும் பெயர் பெற்றனர். ஐரோப்பாவிலே பரம்பரைக் குடிப்பெயர் முந்தத் தோன்றிய நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்றாகும்.

அத்தீவின் கதையை ஈண்டு எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. 1465 இல் ஆங்கில அரசு டப்ளினைச் சூழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் ஆங்கிலக் குடிப்பெயரையே சூடவேண்டுமெனச் சட்டம் விதித்தது. ஊர்ப்பெயர், நிறப்பெயர், தொழிற்பெயர், பதவிப்பெயர் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்க என்றது அச்சட்டம். தொல்காப்பியர் இலக்கணத்திற்காக வகுத்த பிரிவுகளை ஒத்தவற்றை அவ்வரசு ஆட்சிக்காக வகுத்தது போலும். காலப்போக்கிற் கொல்லன் மகன் என்று பொருள்படும் மக் கவன் என்பார் சிமித் ஆயினர். மேலே கூறிய மக் கில்லா பாட்ரிக் என்பார் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆகி, ஏவலனை இடையிலே இழந்தனர். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஓவும் மக்கும் பல பெயர்களினின்று உதிர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொழிப்பற்று எழுந்தபொழுது உதிர்ந்தவற்றைப் பலர் மீண்டும் ஒட்டவைத்துக்கொண்டனர்.

அயர்லாந்திற் குடிப்பெயர் தந்தைவழியது, எழுதப்பட்டது, ஆதலால் எழுதுவோன் கையால் மாறியது. நம் கரையிலோ நிலைமை வேறு. இங்கு எழுதப்படும் பெயர் தந்தையுடையது. ஆனால் அது ஒரு தலைமுறைக்குமேல் நில்லாது. நிலைத்து நிற்கும் பெயர் தாயுடையது; அதனை எழுதுவார் இல்லை.

முதலில் எழுதப்படும் பெயரை ஆராய்வாம். பிறப்புப் பதிவும் பாடசாலை இடாப்பும் வந்தபின், தந்தை பெயரின் தலையெழுத்தை மகன் பெயர்க்கு முன் வைத்தல் வழக்கமாயிற்று. முகம்மது குசைன் என்பாரின் மகனுக்கு முகம்மது அஷ்ரப் என்று பெயரிட்டால், தந்தைக்கு இரண்டெழுத்தும் தன் முதற்பெயருக்கு ஓரெழுத்துமாக எம். எச். எம். அஷ்ரப் என்றாகும். சம்மாந்துறையில் 1948 இற் பிறந்து, கல்முனையிலிருந்து அரசியல் நடத்தி, 2000 ஆம் ஆண்டில் மறைந்த முஸ்லிம் காங்கிரஸ் தலைவரின் பெயர் இங்ஙனமே அமைந்தது. இவ்வழக்கினால் வரும் இடர் யாதெனின், ஏ. எல். என்பது அகமதுலெவ்வையாகவும் இருக்கலாம், ஆதம்லெவ்வையாகவும் இருக்கலாம். அடுத்த தலைமுறையில் அவ்விரண்டெழுத்தும் மறைய, வேறு எழுத்துக்கள் வந்து அமரும். பாட்டனாரைப் பேரனோடு இணைக்கும் சொல் ஒன்றும் காகிதத்தில் எஞ்சுவதில்லை. ஓ பிரையன் ஆயிரம் ஆண்டு நின்றது. நம் தலையெழுத்து முப்பதாண்டில் அழிகின்றது.

குடி என்னும் சொல் இப்பகுதியில் இருபொருட்படும். கல்முனைக்குடி, காத்தான்குடி என்புழி அது குடியிருப்பைக் குறிக்கும். நாம் கூறவந்தது மற்றைப் பொருள். ஒரு தாயின் வயிற்றுவழி வந்தார் ஒரு குடி. மகனும் மகளும் தாயின் குடியையே சேர்வர். மகளின் மக்கள் அக்குடியைத் தொடர்வர். மகனின் மக்கள் தம் தாயின் குடிக்கு உரியர். இதனை வயிற்றுவார் என்றும் வழங்குவர். ஒரே குடியினர் தம்முள் மணஞ்செய்தல் ஆகாது. தாயின் உடன்பிறந்தாள் மகளை மணத்தல் இஸ்லாமியச் சட்டத்திற்கு விரோதமன்று. எனினும் ஒரே குடியினள் ஆதலின் அவள் சகோதரியேயாவாள் என்பது இக்கரை முஸ்லிம்களின் பழைய வழக்கு. மாமன் மகளே மச்சாள். மணமானபின் மணமகன் மனைவியின் வீட்டிற்குச் செல்வதும், வீடு சீதனமாய் மகளுக்குச் செல்வதும் இரு சமூகத்தார்க்கும் ஒன்றே.

முக்குவரிடையே உலகிப்போடிகுடி, காலிங்காகுடி, படையாண்டகுடி, பணிக்கனார்குடி, பெத்தான்குடி, கச்சிலாகுடி முதலிய குடிகள் கூறப்படும். இவற்றுட் சில தம் பொருளைத் தாமே உரைப்பன. காலிங்கா என்பது ஒரு நாட்டை நினைவூட்டுவது. படையாண்ட என்பது ஒரு செயலைக் கூறுவது. பணிக்கன் என்னும் சொல் ஈழத்தில் யானை பிடிப்போர்க்கும், மலையாள நாட்டிற் படைக்கலம் பயிற்றும் ஆசானுக்கும் வழங்கியது. உலகிப்போடி ஒரு முன்னோனின் பெயர். முஸ்லிம் குடிப்பெயர்களுள்ளும் தமிழ்ப் பட்டங்களும் பெண்பெயர்களும் உள. சில குடிப்பெயர்கள் இரு சமூகத்தாரிடத்தும் ஒருங்கே காணப்படுகின்றன. அராபுப் பெயர் தாங்கிய ஒருவரின் குடிப்பெயர் தனித்தமிழாய் இருத்தல் இங்கு வியப்பன்று.

இவ்வொற்றுமை வந்த வரலாறு யாது? எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்திலே குடிகளின் வகுப்பு விரித்துக் கூறப்படுகின்றது. அந்நூலின் கூற்று யாவற்றையும் வரலாறெனக் கொள்ளல் சாலாது. ஆயினும் தம்மைப்பற்றி முன்னோர் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அது சான்றாகும். திமிலரோடு நிகழ்ந்த போரிலே முக்குவர்க்கு முஸ்லிம்கள் துணைநின்றனர் என்றும், அதன் பயனாக முக்குவப் பெண்களை மணந்தனர் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் 1626 ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பதும் அறியப்பட்டதே. வந்த ஆடவர் இருந்த பெண்டிரை மணப்பின், தாய்வழி வரும் குடிப்பெயர் மாறுவதற்கு நியாயமில்லை. கலிமா தந்தையிடமிருந்தும் குடி தாயிடமிருந்தும் வந்தன என்று சுருங்கச் சொல்லலாம். எனினும் இது ஒன்றே காரணம் என்று முடிவுகட்டவும் யாம் துணியோம். வடமலையாளத்துக் கண்ணூர்ப் பக்கத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடத்தும் தாய்வழித் தறவாடு உண்டு. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மணமகன் மனைவி வீட்டில் வாழும் வழக்கு உண்டு. மரக்கல வாணிகம் செய்த சமூகத்தார், மாதக்கணக்கிற் கடல்மேற் சென்ற காலத்து வீட்டைப் பெண்ணிடம் விடுத்தமை இயல்பே.

ஆங்கிலேயர் இதனைச் சட்ட நூலில் எழுதிய காலமும் உண்டு. கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் முக்குவச் சட்டத்தை 1876 இல் நூலாக்கி வெளியிட்டார். அதே ஆண்டில் நிறைவேறிய வாரிசுரிமைச் சட்டத்தினால் அது நீதிமன்றங்களில் வழக்கொழிந்தது. எழுதப்பட்ட ஆண்டே இறந்த ஆண்டாயிற்று. ஆனால் நீதிமன்றத்தில் இறந்த குடி, கோயிலிலும் பள்ளிவாயிலிலும் இறக்கவில்லை. கோயிலிற் குடிக்கொருவர் வண்ணக்கராகித் திருவிழா இரவுகளைப் பங்கிட்டனர். பள்ளிவாயிலிற் குடிக்கொருவர் மரைக்காயராகி நிருவாகம் செய்தனர். வண்ணக்கரின் உரிமை மகனுக்குச் செல்லாமல் மருமகனாகிய சகோதரி மகனுக்குச் செல்வதே பழைய முறை. 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றில் வந்து தங்கிய டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலார், இவ்விரு முறைகளையும் ஒப்புநோக்கி 2008 இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். நம்மூர் வண்ணக்கரையும் மரைக்காயரையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் கடல்கடந்து வரவேண்டியிருந்தது.

இனி, மேலே இறந்தகாலத்தாற் கூறியதற்கு வருவாம். சென்ற இரண்டு தலைமுறையில் லெவ்வையும் கண்டும் பாவாவும் தம்பியும் முஸ்லிம் பெயர்களினின்று உதிர்ந்துவிட்டன. அராபுக் கல்வி பரவியதும், 1970களின் பின் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில்தேடிச் சென்றதும் இதற்குக் காரணமாயின. பெயர் இப்பொழுது மூலமொழிக்கு நெருங்கி ஒலிக்கின்றது, பொருளும் தெளிவாயுளது, இதனைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. தமிழர் செய்ததோ இன்னும் விநோதம். சீனித்தம்பியின் பேரனுக்கு எண்சோதிடர் ஒரு பெயர் வகுத்தார். பொருள் யாதென்று வகுப்பிற் கேட்டால், "எண் பொருந்துகின்றது, சேர்" என்பான் பையன். உலகின் எம்மொழியிலும் பொருளில்லாத பெயரைத் தமிழ் மாணவனின் இடாப்பில் எழுதுங்கால் எம் கை சற்றே தயங்குவதுண்டு.

இவ்வாறு பிட்டு ஒருபுறமும் தேங்காய்ப்பூ ஒருபுறமுமாகப் பெயர்கள் பிரிந்தன. 1985 இலும் 1990 இலும் இக்கரையில் நிகழ்ந்த கலவரங்களும் கொலைகளும் யாவரும் அறிந்தவை. இருபுறத்தும் மாண்டார் பலர். அடையாள அட்டையிலுள்ள பெயரைப் பார்த்து, இவன் இன்ன சமூகத்தான் என்று வீதியிலே பிரித்த காலம் அது. அவ்வட்டையிற் குடிப்பெயர்க்கு இடமில்லை. ஒரே குடிப்பெயரைத் தாங்கிய இருவர் அவ்வீதியில் எதிர்ப்பட்டிருப்பினும் ஒருவரையொருவர் அறிந்திரார். பெயரை அறிந்திருந்தால் கொலை நின்றிருக்கும் என்று கூறும் பேதைமை எமக்கில்லை. ஆயினும், இவ்விரு சமூகத்தாரும் ஒரு காலத்தில் ஒருவர்க்கொருவர் யாராயிருந்தனர் என்பதற்கு இருவர் வாயிலும் வழங்கும் சான்று அப்பெயர்களிலே உண்டு. அச்சான்று முதியோரோடு மண்ணுக்குள் செல்கின்றது.

அயர்லாந்தினர் தம் பெயர்களை மீட்க முடிந்ததற்கு ஒரு காரணம், யாரோ அவற்றை எழுதிவைத்திருந்தமை. டுவால்ட் மக்ஃபிர்பிஸ் என்னும் மரபுரைப் புலவர், நாட்டிலே போர் மூண்டிருந்த 1649, 1650 ஆம் ஆண்டுகளிற் கால்வே நகரிலிருந்து அந்நாட்டுக் குடிகளின் வழிமுறைகளைப் பெருநூலாக எழுதினார். அந்நூல் முழுமையாக அச்சேறியது 2003 இல். மூன்றரை நூற்றாண்டு அது காத்திருந்தது. நம் கோயில்களின் திருவிழாப் பட்டியல்களிலும் பள்ளிவாயில்களின் மரைக்காயர் பட்டியல்களிலும் சிதறிக் கிடக்கும் குடிப்பெயர்களை ஊர்தோறும் தொகுத்தல் அத்துணை அரிய செயலன்று. உயர்தர வகுப்பு மாணவரே செய்யத்தக்கது.

அதனைச் சோதிக்கவெண்ணிச் சென்ற ஆண்டு எம் மாணவரிடம், தமிழர் முஸ்லிம் என்னும் வேறுபாடின்றி, தத்தம் குடிப்பெயரை வீட்டிற் கேட்டு எழுதிவருமாறு பணித்தோம். தந்தையாரைக் கேட்டவர்களிற் பெரும்பாலோர் வெறுங்கையோடு வந்தனர். சிலர் சாதிப்பெயரை எழுதிவந்தனர். தாயாரின் தாயாரைக் கேட்டவர்களே விடை கொண்டுவந்தனர். சாய்ந்தமருதிலிருந்து வரும் மாணவியொருத்தியின் மூத்தம்மா மட்டும் உடனே விடை கூறவில்லையாம். பேத்தியை மேலும் கீழும் நோக்கி, "ஏன் புள்ள, ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டாராம்.